நம் ஊர் ஆட்களை மாற்றிப் பொருத்தும் படங்களாக வரைவது எப்படி? சேலை, வேட்டி, துண்டு பற்றி யோசனை வேண்டும்

தூரிகை_காரைக்குடி

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் இருந்துகொண்டு துண்டறிக்கை, சுவரொட்டி, ஆப் படங்கள் வரைந்து கொடுப்பது என் தொழில். இப்போது கையில் இருக்கும் வேலை கொஞ்சம் பெரியது. சாக்கோட்டை, கல்லல் பக்கத்து மகளிர் குழுக்களுக்கு ஒரு ஆப், கூடவே சுகாதாரத் துண்டறிக்கைகள். இரண்டுக்கும் மனித உருவங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்தையும் தனியாக வரையாமல் தலை, முடி, உடை, கையில் இருக்கும் பொருள் என்று மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளும் தொகுப்பாகக் கேட்கிறார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் தொகுப்புகளைப் பார்த்தேன். பாப்லோ ஸ்டான்லி என்ற வடிவமைப்பாளர் 2018இல் வெளியிட்ட ஹ்யூமன்ஸ் தொகுப்பில் தலை, மேலுடல், கால் மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். நல்ல யோசனை. ஆனால் அது சட்டையும் பேன்ட்டும் போட்ட ஆளை மனதில் வைத்துச் செய்தது. இடுப்பில் வெட்டினால் மேலே ஒன்று, கீழே ஒன்று. சேலையை அப்படி வெட்ட முடியாது. இடுப்பில் சுற்றிய அதே துணிதான் மார்புக்குக் குறுக்கே ஏறித் தோளில் விழுகிறது.

அடுத்தது, இந்தியர்கள் என்று பெயர் போட்டு விற்கும் படங்கள். நான் பார்த்தவற்றில் பெண்ணுக்குப் பட்டும் நெற்றிச்சுட்டியும், ஆணுக்குக் குர்தாவும் தலைப்பாகையும். எல்லோரும் கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தவர்கள் மாதிரி. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பூனம் சேலையும் வயர் கூடையுமாக ஒருவர். சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டு நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர். லேப்டாப் பையோடு அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் போகும் சுடிதார்ப் பெண். கைலி கட்டிய பழ வியாபாரி. புர்கா, வெள்ளைத் துப்பட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டியவர், பங்காளி வீட்டு விசேஷத்துக்கு வெளியூரிலிருந்து வந்த வெள்ளை வேட்டிச் செட்டியார். இவர்களில் ஒருவரையும் அந்தப் படங்களில் காணோம்.

துணியையும் நகையையும் சரியாக வரைந்தால் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அதை எப்படிக் கட்டுகிறார்கள், எங்கே செருகுகிறார்கள், யாரைக் கண்டால் இறக்கிவிடுகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் அது நம் ஆள். உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள். குறிப்பாகச் சேலையை எத்தனை லேயராகப் பிரிப்பது?

வெக்டர்_தேவகோட்டை

நல்ல வேலை தங்கச்சி. நான் பெங்களூரில் ஆப் வடிவமைப்பில் இருக்கிறேன், சொந்த ஊர் தேவகோட்டை. இதே தலைவலி எனக்கும் வந்திருக்கிறது.

சேலையை மேல், கீழ் என்று பிரிக்காமல் முன், பின் என்று பிரியுங்கள். அடியில் முதுகுப்பக்கம் தொங்கும் முந்தானை. அதன் மேல் ரவிக்கையோடு உடம்பு. அதற்கு மேல் இடுப்புச் சுற்றும் கொசுவமும். அதற்கும் மேல் மார்பின் குறுக்கே ஏறும் பகுதி. கடைசியாக இடது கை. இந்த ஐந்தும் ஒரே குழுவாகப் பூட்டியிருக்க வேண்டும். நிறம் மாற்றினால் சேலைத் துணி எல்லாம் ஒன்றாக மாற வேண்டும், ரவிக்கை மட்டும் தனியாக. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் செய்தால் சேலை நிறத்துக்கு ஒரு வேரியபிள், கரைக்கு ஒன்று, ரவிக்கைக்கு ஒன்று. மூன்று போதும்.

முக்கியமானது முந்தானையின் நுனி. அதை மட்டும் மாற்றக்கூடிய துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். தொங்கவிட்டால் சும்மா நிற்கிறார். இடுப்பில் இழுத்துச் செருகினால் வேலையில் இருக்கிறார். வலது தோளையும் சுற்றிப் போர்த்தியிருந்தால் பெரியவர்கள் முன்னால் நிற்கிறார், அல்லது குளிர். தலையில் போட்டால் வெயில், இல்லையென்றால் தொழுகை, இல்லையென்றால் மாதா கோயில். ஒரே சேலை, ஒரே முகம், நுனி மாறியதும் ஆள் வேறு நிலைமையில் இருப்பார். பத்துச் சேலை டிசைன் வரைவதற்குப் பதில் இந்த நான்கையும் நன்றாக வரைந்தால் தொகுப்பு பல மடங்கு பயன்படும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. படத்தை இடவலமாகத் திருப்பும் வசதியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். இதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது மீட்டிங்.

கட்டம்போட்டசேலை

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை நான். கண்டாங்கி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு, கட்டம் போட்ட எந்தச் சேலையைப் பார்த்தாலும் கண்டாங்கி என்கிறார்கள். படத்திலும் அப்படியே கட்டத்தை நிரப்பிவிடுகிறார்கள். அசல் கண்டாங்கி கனமான பருத்தி. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு மாதிரி அழுத்தமான நிறங்கள். உடம்பில் கட்டமோ கோடோ இருக்கும், கரை நல்ல அகலம். தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கரைதான்.

வரைகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு கட்ட டிசைனை எடுத்து உருவத்துக்குள் கொட்டினால் அது சுவரில் ஒட்டிய காகிதம் போல நேராக நிற்கும். கட்டியிருக்கும் சேலையில் கட்டம் மூன்று திசையில் போகும். கொசுவத்தில் நெட்டுக்குத்தாக, ஒவ்வொரு மடிப்பிலும் பாதி மறைந்து. இடுப்புச் சுற்றில் உடம்போடு வளைந்து. மார்பில் குறுக்காகச் சாய்ந்து. அதனால் ஒரே கட்டத்தை மூன்று கோணத்தில் திருப்பி, மூன்று பகுதியாக நிரப்புங்கள். மடிப்புக்கு மடிப்பு கட்டம் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கட்டும். அதைச் செய்தாலே துணிக்கு உயிர் வந்துவிடும்.

துணிக்குத் துணி விழும் விதமும் வேறு. கஞ்சி போட்ட கண்டாங்கியின் கொசுவம் விறைப்பாக, கோணமாக நிற்கும். பூனம் சேலை உடம்போடு ஒட்டி வழியும். பட்டு கனத்தில் கீழே இழுக்கும், மடிப்பு குறைவாகவும் அகலமாகவும் இருக்கும். டிசைனே இல்லாமல் வெறும் நிறத்தில் வரைந்தாலும் ஓரக்கோட்டை வைத்தே என்ன துணி என்று சொல்லிவிடலாம்.

மாநிறம்

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். துண்டறிக்கை என்றதும் எழுதத் தோன்றியது.

தோல் நிறத்தை அழகுக்காக மட்டும் யோசிக்காதீர்கள் அக்கா. ரத்தசோகைக்கு நாங்கள் கீழ் இமையின் உள்பக்கம், நாக்கு, நகம், உள்ளங்கை பார்க்கிறோம். வெளிர் சிவப்புத் தோலில் வரைந்த படத்தைக் காட்டி "இப்படி வெளுத்திருக்கா பாருங்க" என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன புரியும்? கறுத்த தோலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிர் நிறம். பல படங்களில் கை முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கும், உள்ளங்கையைக் காட்டி நின்றால்கூட. அம்மைக் கொப்புளமும் தோல் தடிப்பும் அப்படித்தான். சிவப்புப் புள்ளி வைத்தால் வெள்ளைத் தோலில் தெரியும். நம் தோலில் தடிப்பு கருஞ்சிவப்பாகவோ சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுப்பாகவோ தெரியும்.

இன்னொன்று. டாக்டர், கலெக்டர், வங்கி மேலாளர் என்று வரும்போது வெளுப்பு, கூலிக்காரர், நோயாளி என்று வரும்போது கறுப்பு. இது வேண்டவே வேண்டாம். எங்கள் நிலையத்துக்கு வரும் தாய்மார்கள் படத்தில் யார் எந்த நிறம் என்று கவனிக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

வெக்டர்_தேவகோட்டை

மாநிறம் சொன்னது நூற்றுக்கு நூறு. தொழில் ரீதியாக இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போனில் இருக்கும் எமோஜிக்கு 2015இல் ஐந்து தோல் நிறங்கள் வந்தன. அந்த ஐந்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் வகுத்த அளவுகோலிலிருந்து எடுத்தவை. அது வெயில் பட்டால் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என்று பார்க்கச் செய்தது. மனிதர்களை வரைவதற்காகச் செய்ததே இல்லை. 2022இல் கூகுள் எடுத்துக்கொண்ட மங்க் அளவுகோலில் பத்து நிறங்கள். சமூகவியல் பேராசிரியர் எல்லிஸ் மங்க் வகுத்தது. ஆரம்பிக்க அது பரவாயில்லை. ஆனால் நம் பக்கத்துக்கு நடுவிலிருந்து கறுப்பு வரை இருக்கும் இடைவெளியில் இன்னும் நெருக்கமான படிகள் வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

நிழலுக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். செம்பழுப்பு, கருநீலம் பக்கம் இழுங்கள்.

ஆப்பைத் திறந்ததும் முதலில் வரும் உருவம் எப்போதும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் முதலில் வந்ததை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் எதையாவது கலைத்துப் போட்டுக் காட்டட்டும். நிறத்தைத் தொழிலோடு முடிச்சுப் போட்டு வைக்கவே வேண்டாம்.

சரி, திருப்பும் விஷயம். வலப்பக்கம் பார்க்கும் ஆளை இடப்பக்கம் பார்க்க வைக்க, எல்லோரும் செய்வது படத்தை அப்படியே கண்ணாடிபோலத் திருப்புவது. சட்டை பேன்ட் ஆளுக்கு ஒன்றும் கெடாது. நம் ஆளுக்கு என்ன ஆகிறது? இடது தோளில் இருந்த முந்தானை வலது தோளுக்குப் போகிறது. மூக்குத்தி பக்கம் மாறுகிறது. கோயில் குருக்களை வரைந்திருந்தால் பூணூல் வலது தோளுக்குப் போய்விடும். அப்படிப் போடுவது பிதுர் காரியத்தில். கும்பாபிஷேக அழைப்பிதழில் அது வந்தால் எப்படி இருக்கும்?

உங்கள் ஆப்புக்கு இதைவிடப் பெரியது கை. குழுத் தலைவியிடம் தவணைப் பணம் கொடுக்கும் படம் கட்டாயம் இருக்கும். வலது கையால் கொடுப்பதாக வரைகிறீர்கள். யாரோ ஒருவர் பக்கத்தில் இடம் போதவில்லை என்று திருப்பிவிடுவார். இப்போது அவர் இடது கையால் பணம் நீட்டுகிறார். எந்தப் பெண்ணும் முதல் பார்வையிலேயே முகம் சுளிப்பார். சாப்பிடும் படமும் அப்படித்தான். அதனால் இரண்டு பக்கம் பார்க்கும் நிலைகளையும் தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும். வேலை கூடும். ஆனாலும் செய்யுங்கள்.

புதுவயல்_டீச்சர்

குழந்தைகளையும் சேர்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகள் இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டி வருவார்கள். பெரிய வகுப்பென்றால் சுடிதாருக்கு மேல் ஓவர்கோட். சீருடை நிறம் அரசாணைக்குத் தக்க மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நிறத்தைப் பயனாளி மாற்றும்படி விடுங்கள்.

முடியை ஆண், பெண் என்று பூட்டாதீர்கள். குலதெய்வத்துக்கு முடி வளர்க்கும் வீடுகளில் மூன்று வயதுப் பையன் பின்னல் போட்டுப் பூ வைத்துத் திரிவான். காது குத்தித் தோடும் இருக்கும். மொட்டை போட்டபின் பெண் பிள்ளைக்கும் வழுக்கைத் தலைதான், சந்தனத்தோடு. "பையன்" என்று தேர்ந்தெடுத்தால் நீள முடி மறைந்துவிடும் என்று ஆப் செய்தால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரின் சின்ன வயதுப் படத்தை அதில் வரையவே முடியாது. திருநங்கை, திருநம்பி யாராவது தன்னை வரைந்துகொள்ள நினைத்தாலும் அந்தப் பூட்டு குறுக்கே நிற்கும்.

கானாடுகாத்தான்_வீடு

காரைக்குடிப் பக்கத்து ஆட்களை வரைகிறீர்கள், எங்கள் நகரத்தார் வீட்டு ஆச்சிமார் வராமல் எப்படி? பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்து, அதாவது மடிப்பு முதுகுப்பக்கம் வரும்படி கட்டி, கணுக்கால் தெரியும் உயரத்தில், ரவிக்கை இல்லாமல், காதில் கனத்த நகை தொங்க. ஆத்தங்குடித் தரையும் தேக்குத் தூணும் பின்னணியாக வைத்தால் பார்த்ததும் செட்டிநாடு என்று தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கட்டே மறந்துபோய்விட்டது. ஆவணமாகவாவது இருக்கட்டும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் பெண்ணுக்குக் கழுத்துரு என்ற பெரிய தாலியைப் போட்டு வரைகிறார்கள், அடுப்படியில் நிற்கும்போதுகூட. அது கல்யாணத்தன்றும், அறுபதாம் கல்யாணம் மாதிரி பெரிய சடங்கிலும் பூட்டிக்கொள்வது. மற்ற நாளில் பெட்டகத்தில் இருக்கும். தினசரி உருவத்துக்கு அதைப் போடாதீர்கள்.

நீலத்துண்டு

அண்ணே, கழுத்துரு பற்றிச் சொன்னது நல்ல தகவல். ரவிக்கை விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆச்சி ரவிக்கை போடாமல் இருந்தது அவர்கள் வீட்டு வழக்கம், அவர்கள் விருப்பம். அதே காலத்தில் அதே மண்ணில் வேறு பெண்களுக்கு அது உத்தரவு. காரைக்குடி இருக்கும் சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல்தான், அதற்கு முன் இது இராமநாதபுரம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒன்று. அதைத் தவிர மற்ற எல்லாம் ஒருவர் உடம்பில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்பது பற்றித்தான். மீறியவர்கள் அடிபட்டார்கள், குடிசைகள் எரிந்தன.

நீங்கள் தரப்போவது யார் வேண்டுமானாலும் எதையும் பொருத்திக்கொள்ளும் தொகுப்பு. ரவிக்கை இல்லாத உடம்பை ஒரு பாகமாக வைத்தால், நாளைக்கு யாரோ அதைக் கூலிக்காரப் பெண்ணுக்குப் பொருத்தி "அசல் கிராமத்து உடை" என்று துண்டறிக்கை போடுவார். அந்தப் பெண்ணின் பாட்டி எதற்காக அடி வாங்கினார் என்று போட்டவருக்குத் தெரியாது, வாங்கிப் பார்ப்பவருக்குத் தெரியும்.

துண்டும் அப்படித்தான். கோயிலில் சாமி முன்னால் துண்டை இடுப்பில் கட்டுவது எல்லோரும் செய்வது. இன்னொரு மனிதன் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக் கைகட்டி நிற்பது வேறு. அதைத் தோளுக்குக் கொண்டுவரத்தான் எங்கள் தாத்தன்மார் போராடினார்கள். ஆகவே "விவசாயி, அதிகாரி முன்னால்" என்று ஒரு நிலை வரைந்தால் துண்டு தோளில் இருக்கட்டும். அவர் நிமிர்ந்து நிற்கட்டும், முடிந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும்.

கானாடுகாத்தான்_வீடு

நீலத்துண்டு, நீங்கள் சொன்ன வரலாறு கனமானது. கூலிக்காரப் பெண்ணுக்கு அந்த உடம்பு போய்ச் சேரக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்காக ஆச்சியின் கட்டை விட்டுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பின்கொசுவத்துக்கும் நீங்கள் சொல்லும் தடைக்கும் சம்பந்தம் இல்லை. எல்லா இடத்திலும் கொசுவத்தை முன்னால் செருகி முந்தானையை இடது தோளில் போடும் நிவி கட்டு ஒன்றையே வரைந்து வரைந்து மற்றதெல்லாம் கண்ணிலிருந்தே போய்விட்டது. ருத்தா கபூர் சிஷ்டி மாதிரி ஆய்வாளர்கள் நாடு முழுக்க நூறு விதமான சேலைக் கட்டுகளைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கட்டை நாமே விட்டால் யார் எடுத்துவைப்பார்?

நீலத்துண்டு

கட்டு இருக்கட்டும் அண்ணே, அதில் எனக்கும் மறுப்பில்லை. ரவிக்கையோடு பின்கொசுவம் தொகுப்பில் வரட்டும். இன்றைக்கும் வயதானவர்கள் அப்படிக் கட்டுகிறார்கள். எங்கள் தெரு அப்பத்தாமார் நடவுக்குப் போகும்போது அப்படித்தான் கட்டுவார்கள், குனிந்து நிமிர வசதி. ரவிக்கை இல்லாத பழைய படம் வேண்டுமென்றால் அதைத் தனிச் சித்திரமாக, காலம் எழுதி, யார் என்று எழுதி வைக்கலாம். பிரித்துப் பொருத்தும் பாகங்களில் வேண்டாம்.

தூரிகை_காரைக்குடி

அப்படியே செய்கிறேன். பின்கொசுவம் ரவிக்கையோடு பொருத்தும் பாகமாக வரும், வயதுக்கோ சாதிக்கோ பூட்டாமல். பழைய ஆச்சி தனிச் சித்திரம், காலக் குறிப்போடு.

இதைப் படித்ததும் ஒன்று தெளிவாகிறது. "நகரத்தார் பெண்", "முஸ்லிம் ஆண்", "கிராமத்துப் பெண்" என்று கட்டிவைத்த பொட்டலங்களாகக் கொடுக்கப் போவதில்லை. பொட்டு, பூ, தாலி, திருநீறு, கருகமணி, தொப்பி எல்லாம் தனித்தனி. பொட்டு வைத்தால் பூ தானாக வராது. தாலி போட்டால் மெட்டி தானாக வராது. கணவர் இறந்தபின்னும் பூ வைக்கும் பெண் இருக்கிறார், கல்யாணமாகியும் பொட்டு வைக்காத பெந்தெகொஸ்தே பெண் இருக்கிறார். இரண்டு பேரையும் ஆப் தடுக்கக் கூடாது.

மருதாணி

இதைத்தான் எழுத வந்தேன். புர்கா ஒன்றை வரைந்துவிட்டு முஸ்லிம் பெண் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். எங்கள் தெருவில் அம்மாமார், ராத்தாமார் சேலை கட்டி முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். வயதானவர்கள் வெளியே கிளம்பினால் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி. சின்னப் பெண்கள் புர்காவும் போடுவார்கள், சுடிதாரில் தலையை மூடியும் போவார்கள். வீட்டில் எல்லோருக்கும் நைட்டிதான், யாராவது கதவைத் தட்டினால் மேலே ஒரு துண்டு. அந்த நைட்டியும் துண்டும் எந்த மதத்துக்கும் பொது. அதைக் கட்டாயம் வரையுங்கள். தமிழ்நாட்டில் பகல் பதினொரு மணிக்கு வாசலில் நிற்கும் பெண்ணை வரைந்து அதில் நைட்டி இல்லையென்றால் அது வேறு ஊர்.

வெள்ளைத் துப்பட்டியில் தலைப்பகுதி முகத்தோடு இறுக்கமாக இருக்காது. கையால் உள்ளிருந்து பிடித்திருப்பார்கள், நாடிக்குக் கீழே. அந்தக் கையை வரைந்தால் போதும், பார்த்ததும் எங்கள் பாட்டி நன்னியம்மா என்று சொல்லிவிடுவேன்.

பள்ளத்தூர்_பாலு

வேட்டி பற்றி யாரும் பேசவில்லையே. வேட்டிக்கு இரண்டு நிலை கட்டாயம். தழையக் கட்டியது, மடித்துக் கட்டியது. வண்டி தள்ளுகிறவர், வரப்பில் நடக்கிறவர், டீக்கடையில் நிற்கிறவர் மடித்துக் கட்டியிருப்பார். பெரியவரோ டாக்டரோ எதிரில் வந்தால் இறக்கிவிடுவார். ஒரே படத்தில் கலெக்டரும் மடித்துக் கட்டிய வேட்டியும் வந்தால் சண்டைக்குப் போனவர் மாதிரி தெரியும்.

கரையில் கவனம். கறுப்பு சிவப்பு போட்டால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை சேர்த்தால் இன்னொரு கட்சி. மகளிர் குழு ஆப்பில் அது வந்தால் தேர்தல் நேரத்தில் வம்பாகிவிடும். மெல்லிய பச்சைக் கரையோ ஜரிகைக் கரையோ வையுங்கள். நிறம் மாற்றும் வசதி கொடுத்தால் வேட்டிக் கரைக்கு மட்டும் ஒற்றை நிறம் போதும்.

தூரிகை_காரைக்குடி

அண்ணே, கரை பற்றி நல்ல நேரத்தில் சொன்னீர்கள். வேட்டியில் எனக்கு வேறு ஒரு சிக்கல். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் காணாமல் போகின்றன. தலையும் கையும் மட்டும் மிதக்கின்றன. சாம்பல் நிழல் கொடுத்துப் பார்த்தேன், அழுக்கு வேட்டியாகத் தெரிகிறது.

கட்டம்போட்டசேலை

சொட்டு நீலம் போட்ட வேட்டியைப் பார்த்து வரையுங்கள். நிழலுக்கு மிக லேசான நீலம். மடிப்பு ஆழமாகும் இடத்தில் அதே நீலம் கொஞ்சம் கூடுதலாக. பஸ் ஸ்டாண்ட் வெயிலில் வெள்ளை வேட்டி அப்படித்தான் தெரியும். நூல் வேட்டியில் கைலி மாதிரி தொய்வு வராது, இஸ்திரிக் கோடு ஒன்று நீளமாக ஓடும். அந்த ஒரு கோடு போதும்.

வெக்டர்_தேவகோட்டை

நீலம் சரியான யோசனை. ஆனால் மிக லேசான நீலம் மட்டும் இருந்தால் பார்வை குறைந்தவர்களுக்குத் தெரியாது. இணையத்தில் படங்களின் முக்கியமான ஓரங்களுக்குப் பின்னணியோடு மூன்றுக்கு ஒன்று என்ற வேறுபாடு வேண்டும் என்பது 2018இல் வந்த அணுகல் விதி. வெள்ளை உடைக்கு மட்டும் ஓரக்கோட்டை அடர்நீலத்தில் வையுங்கள். அல்லது தொகுப்போடு சுண்ணாம்பு மஞ்சள், செங்கல் நிறம் என்று நாலைந்து பின்னணிகளைச் சேர்த்தே கொடுங்கள்.

சின்ன அளவும் பாருங்கள். ஆப்பில் முகப்புப் படம் நகம் அளவுதான் வரும். அங்கே கண்டாங்கிக் கட்டம் போட்டால் கொசகொசவென்று கண்ணை உறுத்தும். சின்ன அளவுக்குத் தனி வடிவம் வேண்டும். கட்டத்தை எடுத்துவிட்டு அகலக் கரையும் நிறமும் மட்டும் போதும். முகத்திலும் பொட்டும் மூக்குத்தியும் அந்த அளவில் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் தெரியும்.

இணைப்புச்சக்கரம்

இவ்வளவு நேரம் பேசியதில் எல்லோரும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கிறார்கள். போலியோ பாதித்த கால் எனக்கு. வெளிநாட்டுத் தொகுப்புகளில் மாற்றுத்திறனாளி என்றால் பளபளப்பான சக்கர நாற்காலி, வழவழப்பான தரை. நம் ஊரில் பின்பக்கம் இரண்டு சக்கரம் இணைத்த ஸ்கூட்டர்தான் கால். அரசு கொடுப்பது. அதில் முன்னால் மஞ்சப்பையும் பின்னால் ஊன்றுகோலும் செருகியிருக்கும். சேலை கட்டிய பெண்ணும் ஓட்டுகிறார், முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு. அந்த ஸ்கூட்டரை ஒரு பொருளாக, உட்கார்ந்த நிலையோடு சேர்த்து வரைந்து கொடுங்கள். தவழ்ந்து வந்து கையேந்தும் படம் மட்டும் எங்கேயும் வேண்டாம்.

உட்கார்ந்த நிலையில் வேட்டியும் சேலையும் எப்படி விழும் என்று கவனித்து வரையுங்கள். நின்ற கொசுவத்தை அப்படியே மடக்கி வைப்பார்கள், மடியில் பலகை வைத்த மாதிரி இருக்கும். உட்கார்ந்ததும் கொசுவம் இரண்டு முழங்காலுக்கு நடுவே விழுந்து, கரை ஒரு பக்கம் ஏறும்.

தூரிகை_காரைக்குடி

ஸ்கூட்டர் கட்டாயம் வரும் அண்ணே. கையில் வைக்கும் பொருட்களில் வயர் கூடை, மஞ்சப்பை, டிபன் கேரியர், ஓலைக் கொட்டான் வரைந்துவிட்டேன். ஊன்றுகோலையும் மருந்துப் பெட்டியையும் சேர்க்கிறேன்.

உரிமம் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். ஆப் செய்கிறவர்கள் சம்மதித்துவிட்டார்கள், சிசி ஜீரோ என்ற, எந்த நிபந்தனையும் இல்லாத உரிமத்தில் பொதுவுக்கு விடப் போகிறேன். ஓப்பன் பீப்ஸ் என்ற மனித உருவத் தொகுப்பு 2020இல் அப்படித்தான் வந்தது. பஞ்சாயத்து அலுவலகமோ பள்ளிக்கூடமோ யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு இருப்பதால் வரைவதில் சிக்கல் வருமா?

கட்டம்போட்டசேலை

குறியீடு அந்தப் பெயரில் சேலை விற்பவர்களுக்கானது, படம் வரைவதைத் தடுக்காது. ஆனால் ஒரு வேண்டுகோள். தொகுப்பில் பாகத்துக்குப் பெயர் வைக்கும்போது கட்டம் போட்ட எல்லாவற்றுக்கும் கண்டாங்கி என்று வைக்காதீர்கள். நிறமும் கரையும் சரியாக இருப்பதற்கு மட்டும் அந்தப் பெயர். மற்றதெல்லாம் கட்டம் போட்ட சேலை என்றே இருக்கட்டும். தறியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் சோறு.

பின்கொசுவம் எப்படி இருக்கும் என்று பார்க்கப் படம் வேண்டுமென்றால் எங்கள் அம்மா கட்டிக் காட்டுவார். கேட்டுவிட்டேன், சரி என்றார், முகம் வரக் கூடாது என்று மட்டும் சொன்னார். பின்பக்கம், பக்கவாட்டு, குனிந்து எடுப்பது மூன்றும் எடுத்து அனுப்புகிறேன். வேறு ஏதாவது வேண்டுமா?

தூரிகை_காரைக்குடி

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் உட்கார்ந்தபடியும் வேண்டும், சம்மணம் போட்டு ஒன்று, திண்ணையில் காலைத் தொங்கவிட்டு ஒன்று. கஞ்சி போட்ட சேலையிலும் துவைத்துப் பழசான சேலையிலும் எடுத்தால் இன்னும் நல்லது. வலது கையில் எதையாவது நீட்டுவது போலவும் ஒன்று, முந்தானை எங்கே இழுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.